கூப்பிட்டுக்கொண்டே வந்த பெயர்

வீட்டுக் கம்ப்யூட்டரில் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தால் அக்கம்பக்கத்தாரின் குணம் ஓரளவு தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பட்டியலில் குலசாமி பெயர் இருக்கிறது, பேத்தி பெயர் இருக்கிறது, மளிகைக் கடையின் பெயர் இருக்கிறது. ரூட்டரோடு வந்த எண்ணும் எழுத்துமான பெயரை அப்படியே விட்டுவிட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவே ஒரு வரியில் மட்டும் பெயர் இருக்காது. 'ஹிடன் நெட்வொர்க்' என்று போட்டிருக்கும். அங்கே ஒரு வீடு இருக்கிறது, அலை வருகிறது, பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது என்று அர்த்தம்.

அந்த வரியின் மேல் எனக்குப் பல காலமாக ஒரு அக்கறை. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். மோர்ஸ் சாவியைத் தட்டத் தொடங்கி, டெலிபிரிண்டருக்கு மாறி, ஓய்வும் பெற்றேன். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே நிறுத்தினார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எதை ஊர் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் பிழைப்பு. கம்பி போய் அலை வந்துவிட்டது. கேள்வி மாறவில்லை.

மாடி வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியும் தெருவுக்கே டீச்சர்தான். அவர் வீட்டுக்காரர் காலமான பிறகு, பெங்களூரில் இருக்கும் பேரனுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பையனுக்குப் பின்னம் வரவில்லை. கைபேசித் திரையில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் எறும்பு ஊர்வது போலத் தெரிகின்றன என்பது டீச்சரின் குறை. கடைக்காரர் மேசைக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, அதில் வைஃபை வசதி இல்லாததால் பின்பக்கம் ஒரு சிறிய யூஎஸ்பி வில்லையையும் செருகிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்களேன். தெருவுல உள்ள எல்லார் வீட்டுப் பேரும் வருது. எங்க வீட்டுப் பேரை மட்டும் காணல."

போய்ப் பார்த்தால், நான் சொன்ன அந்தப் பெயரில்லாத வரி அவர் வீட்டுடையதுதான்.

அவர் வீட்டுக்காரர் எதையும் யோசித்துச் செய்கிற மனிதர். அவர் ஏன் பெயரை மறைத்தார் என்பது எனக்குத் தெரியும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிற்று. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அந்த மனிதருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வாசலில்தான். மறு வருடம் தொலைத்தொடர்புத் துறையும் வைஃபையைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. பத்திரிகையைப் படித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். நம் வீட்டு அலையை எவனோ எடுத்து எதற்கோ பயன்படுத்தினால் என்ன ஆவது என்று அவர் என்னிடமே வந்து பேசினார். பிறகு யாரிடமோ கேட்டு, ரூட்டரின் உள்பக்கத்தில் பெயரை ஒலிபரப்பும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். அவருடைய நோக்கத்தில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. குடும்பத்தைக் காக்க நினைத்த ஒருவர் செய்த காரியம் அது.

ரூட்டர் பிறகு மாறியது. பழைய கம்பி போய் ஃபைபர் வந்தது. ஆனால் எல்லா சாதனங்களும் தொடர்ந்து வேலை செய்யட்டும் என்று, புது ரூட்டருக்கும் அதே பெயரை வைத்து, அதே மாதிரி மறைத்துக் கொடுத்துவிட்டு மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். டீச்சரின் கைபேசி தானாகச் சேர்ந்துகொண்டது, டிவியும் சேர்ந்துகொண்டது. அதனால் அந்தப் பெயர் என்ன என்று கேட்கும் தேவையே டீச்சருக்கு வரவில்லை.

மகனுக்கு போன் போட்டார். அவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பினான். பெயர், 'தென்காசி1974'. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். டீச்சர் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. கல்யாணமாகி அவர்கள் முதன்முதலில் தனிக்குடித்தனம் வைத்த ஊர், வருடம்.

"இந்தப் பேரையா வெச்சிருந்தாங்க?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறைந்த நெட்வொர்க்கில் சேரும் வழி அப்படியொன்றும் கடினமானதல்ல. அந்த 'ஹிடன் நெட்வொர்க்' வரியைத் தொட்டால் முதலில் பெயரைக் கேட்கும், பிறகு பாஸ்வேர்டைக் கேட்கும். அல்லது விண்டோஸின் செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை என்று போய், தெரிந்த நெட்வொர்க்குகளின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லலாம். அங்கே பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு மூன்றையும் நாமே கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வகை டபிள்யூபிஏ2-ஆக இருக்கும், புது ரூட்டரானால் டபிள்யூபிஏ3-ஆக இருக்கலாம். கீழே இரண்டு டிக் கட்டங்கள் உண்டு. ஒன்று, தானாகச் சேர்ந்துகொள்ளச் சொல்வது. இன்னொன்று, நெட்வொர்க் தன் பெயரை ஒலிபரப்பாவிட்டாலும் சேரச் சொல்வது. இரண்டாவதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அந்தப் பெயரைத் தேடியே போகாது.

எல்லாம் கொடுத்தோம். சேர முடியவில்லை என்றது. மறுபடி கொடுத்தோம், மறுபடியும் அதே பதில். மகன் அனுப்பியதை எழுத்து எழுத்தாக டீச்சர் வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை. சாயங்காலம் ஃபைபர் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக, இன்னும் பல வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம் முகத்தில் தெரிந்தது.

"பின்னால குண்டூசியால ஒரு அமுக்கு அமுக்கி ரீசெட் போட்டுட்டா முடிஞ்சுது சார். புதுசா ஒரு பேர் வெச்சுக்கலாம்" என்றான்.

டீச்சர் ரூட்டரைப் பார்த்தார். "அது அவங்க வெச்ச பேருப்பா" என்றார்.

அந்தப் பையன் செய்த காரியத்தை நான் சொல்லியாக வேண்டும். அவன் குண்டூசியைக் கீழே வைத்துவிட்டான். பையைத் தோளிலிருந்து இறக்கினான். "சரிம்மா, இருக்கிற பேர்லயே பாப்போம்" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வயதான காலத்தில் மனிதர்களை நான் அளப்பது இந்த மாதிரி இடத்தில்தான். ஐந்து நிமிடத்தில் முடியக்கூடிய வேலையை, எதிரே இருப்பவரின் மனசுக்காக ஒரு மணி நேர வேலையாக ஏற்றுக்கொள்கிறானா, அவன் நல்லவன். அவன் என்ன படித்திருந்தால் என்ன.

டீச்சரின் கைபேசி அதே வைஃபையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதனிடமே கேட்போம் என்று தோன்றிற்று. செட்டிங்ஸில் வைஃபையைத் திறந்து, சேர்ந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டதும் பெயர் முழுசாக வந்தது. பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு கியூஆர் கோடும், அதன் அடியில் பாஸ்வேர்டும் தெரிந்தன. பையன் திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சார், முதல் எழுத்தைப் பாருங்க. இதுல சின்ன எழுத்து. அண்ணன் அனுப்பினதுல பெரிய எழுத்து."

மகன் சரியாகத்தான் தட்டியிருக்கிறான். வாக்கியத்தின் முதல் எழுத்தாயிற்றே என்று கைபேசியின் விசைப்பலகை தானே அதைப் பெரிய எழுத்தாக்கிவிட்டது. வைஃபை பெயருக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. பெயர் ஒலிபரப்பாகும் வீட்டில் இந்தத் தொல்லையே வராது. பட்டியலில் தெரிவதைத் தொட்டால் போதும். மறைத்த வீட்டில் பெயரை நாமே எழுத வேண்டியிருப்பதால், ஓர் எழுத்தின் உருவம் மாறினாலும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் கதவு திறக்காது. மோர்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. வாழ்நாளெல்லாம் அதில் பழகிய என் கண், அந்த வித்தியாசத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

சிறிய எழுத்தில் கொடுத்தோம். கம்ப்யூட்டர் சேர்ந்துகொண்டது.

வேலை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கணக்கு டீச்சர் அல்லவா, விடை வந்துவிட்டால் போதாது, வழி தெரிய வேண்டும். "அண்ணாச்சி, பேரை ரூட்டர் சொல்லவே மாட்டேங்குதுன்னா, என் போனு மட்டும் அதை எப்படித் தேடிக் கண்டுபிடிச்சுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பெயரை மறைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

சாதாரண ரூட்டர் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை, 'நான் இன்ன பெயர், இன்ன சேனலில் இருக்கிறேன், என்னிடம் இந்த வகைப் பூட்டு இருக்கிறது' என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புக்குப் பீக்கன் என்று பெயர். பெயரை மறைத்தால் பீக்கன் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது. அதே வேகத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். சேனல், ரூட்டரின் முகவரி, பூட்டின் வகை எல்லாம் முன்போலவே வெளியே போகும். அதனால்தான் கம்ப்யூட்டரால் 'இங்கே பெயரில்லாத ஒன்று இருக்கிறது' என்று சொல்ல முடிகிறது.

ரூட்டர் வாயை மூடிக்கொண்டதால் பேச வேண்டிய பொறுப்பு கைபேசியின் தலையில் விழுகிறது. 'தென்காசி1974 இங்கே இருக்கிறதா?' என்று அதுதான் கூப்பிட வேண்டும். இருந்தால் ரூட்டர் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். இந்தக் கேள்வியும் பதிலும் பூட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் நடப்பவை. பாஸ்வேர்டின் காவல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். காற்றில் போவதைக் கேட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒருவன் தெருவில் காத்திருந்தால், டீச்சரின் கைபேசி வீட்டுக்குள் நுழைந்து சேர்கிற அந்த நொடியில் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு மறைக்க நினைத்தோமோ அவனுக்கு மறையவில்லை. பெங்களூரிலிருந்து வரும் மகனுக்கும், பக்கத்து வீட்டிலிருந்து உதவிக்கு வரும் எனக்கும்தான் மறைந்திருக்கிறது.

இதைவிட மனசைத் தைக்கிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வெளியே போனால் கைபேசிக்கு அது வெளியே என்று தெரியாது. மறைந்த வீட்டின் பெயர் யாருடைய அறிவிப்பிலும் வராது என்பதால், போகிற இடத்திலெல்லாம் அது கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். பெயரை வெளிப்படையாக வைத்த வீட்டுக் கைபேசிக்கு அந்தத் தேவை இல்லை. சும்மா காது கொடுத்துக் கேட்டால் போதும், வீடு தானே குரல் கொடுக்கும். மறைத்த வீட்டின் கைபேசி திருநெல்வேலி ஜங்ஷனில் கூப்பிடும், ஆஸ்பத்திரி வரிசையில் கூப்பிடும், பஸ்ஸில் கூப்பிடும். ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ரூட்டரில் பெயரை மறைக்க வேண்டாம் என்று சொல்வதற்கும், மறைந்த நெட்வொர்க்கில் சேரும்போது சொந்த விவரம் வெளியே தெரியலாம் என்று ஐபோனில் எச்சரிப்பதற்கும் காரணம் இதுதான்.

டீச்சர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அப்போ, நான் போன இடமெல்லாம் இது தென்காசி, தென்காசின்னு கூப்பிட்டுக்கிட்டே வந்திருக்கா?"

"ஆமா டீச்சர்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் சட்டென்று அடுத்த வார்த்தை வரவில்லை. அவர் வருத்தப்பட்டாரா, சந்தோஷப்பட்டாரா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. இரண்டும் இருந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரகசியம் என்பதைப் பற்றி எனக்குப் பெரிய பெரிய எண்ணங்கள் இருந்தன. தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்று ரயிலில் அறிமுகமாகிறவர்களிடம் சொல்லக்கூட யோசிப்பேன். எங்கள் தலைமைத் தந்தியாளர் ஒருநாள் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார். அலுவலகப் பெயர்ப்பலகை, தெருமுனையிலிருந்து படிக்கிற அளவுக்கு. "ஆபீஸ் எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியணும்யா. நடு ராத்திரியில சாவுச் செய்தி கொடுக்க வர்றவன் தடவிக்கிட்டு நிக்கக் கூடாது. உள்ள வந்த தந்தியில என்ன இருக்குன்னுதான் ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது" என்றார். தந்தியில் இருப்பதை ஊழியன் வெளியே சொன்னால் 1885-ஆம் வருடத் தந்திச் சட்டப்படி சிறைத்தண்டனை இருந்தது. பெயர்ப்பலகையை மறைக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் எங்கேயும் இருந்ததில்லை. ஐம்பது வருடம் கழித்து ஒரு மாடி வீட்டில் ரூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பலகைதான் ஞாபகத்துக்கு வந்தது. எதைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டுவது என்று பிரித்துப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பயந்துபோன மனசு எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடும்.

வைஃபையில் பூட்டு என்பது பாஸ்வேர்டும் அதன் பின்னால் இருக்கும் குறியாக்க முறையும்தான். 1997-ல் வந்த டபிள்யூஇபி என்ற முதல் பூட்டை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் திறந்து காட்டிவிட்டார்கள். 2003-ல் டபிள்யூபிஏ வந்தது, 2004-ல் டபிள்யூபிஏ2, 2018-ல் டபிள்யூபிஏ3. பழைய டபிள்யூஇபியில் ஓடுகிற ரூட்டர் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால், பெயரை மறைத்தும் பயனில்லை, மறைக்காமலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டபிள்யூபிஏ2-ல் பாஸ்வேர்டு எட்டு எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அது வீட்டுக்காரரின் போன் நம்பர். டீச்சர் வீட்டிலும் அதுதான்.

பெயருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பூட்டின் சாவியைக் கணக்கிடும்போது பாஸ்வேர்டோடு நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4096 தடவை கடைகிறார்கள். ஊரெல்லாம் ஒரே மாதிரியான கம்பெனிப் பெயர் இருந்தால், திருடன் அந்தப் பெயருக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள முடியும். வேறு யாருக்கும் இல்லாத பெயரானால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வகையில் டீச்சர் வீட்டுக்காரர் வைத்த பெயர் நல்ல பெயர். மறைக்க வேண்டிய அவசியம்தான் இல்லை.

இதைச் சொன்னதும் டீச்சருக்கு முகம் தெளிந்தது. "அப்போ பேரு இருக்கட்டும். பூட்டை மாத்துவோம்" என்றார்.

பையன் ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, பெயரை மறைக்கும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டான். பாஸ்வேர்டுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து நீளமாக ஒன்றை டீச்சரே யோசித்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் டிவியிலும் பழைய பதிவை மறக்கச் சொல்லி அழித்துவிட்டு, பட்டியலில் புதிதாகத் தெரிந்த பெயரைத் தொட்டு மறுபடி சேர்த்தோம். இந்த அழிக்கிற வேலையைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. ரூட்டர் பெயரைச் சொல்லத் தொடங்கிய பிறகும், மறைந்த வீடு என்று குறித்து வைத்த பழைய பதிவு இருக்கும் வரை கைபேசி வெளியே போனால் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். டிவிக்குத்தான் நேரம் பிடித்தது. ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து நகர்ந்து பையன் தட்ட, டீச்சர் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துகிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

முடிந்ததும் டீச்சர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான்.

"சார், எங்க வீட்லயும் நான் மறைச்சுதான் வெச்சிருக்கேன். நிறையக் கஸ்டமர் வீட்லயும் கேட்டாங்கன்னு மறைச்சுக் கொடுத்திருக்கேன். எடுத்துரவா?"

"எடுத்துரு தம்பி. கேட்டவங்ககிட்டயும் விவரம் சொல்லு" என்றேன்.

"பாஸ்வேர்டு என்னப்பா வெச்சிருக்க?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்மா."

"அதை முதல்ல மாத்து" என்றார் டீச்சர், காலி டம்ளரை வாங்கிக்கொண்டே.